கோமுகத்துக்கு உள்ளே



தமிழ்நாட்டில் பிறந்து, உத்தியோகத்தின் பொருட்டு வெளி மாநிலங்களில் குடியேறியிருக்கும் நாம் ஒரு மாறுதலை அதிகம் எண்ணிப் பார்ப்பதில்லை. நாம் விட்டு வந்த காவிரியும் வைகையும் தாமிரவருணியும் மழையை மட்டும் நம்பிய ஆறுகள். நாம் வந்து சேர்ந்த கங்கையும் யமுனையும் மழையோடு பனியையும் நம்பியவை. நான் வசிக்கும் பெஹாலாவில் குழாயைத் திருகினால் வருவது, கார்டன் ரீச் நிலையத்தில் தூய்மை செய்யப்பெற்ற ஹூக்ளி ஆற்று நீர். ஹூக்ளியோ கங்கையின் கிளை. ஆகவே, இமயத்தின் பனி எவ்வாறு நீராகிறது, அந்நீர் எவ்வழியே வெளிவருகிறது என்பது நமக்கு ஏட்டுச் சுரைக்காய் அன்று. குடிநீரைப் பற்றிய செய்தி.

உத்தரகாண்ட் மாநிலத்தில், ஏறத்தாழ 30 கிலோமீட்டர் நீளமுள்ள கங்கோத்ரிப் பனியாறு இருக்கிறது. பனியாறு என்பது உறைந்து நிற்கும் பாறையன்று. ஆண்டுதோறும் மேலே பெய்து இறுகிய பனி, தன் பாரத்தினாலேயே சரிவில் மிக மெதுவாக இறங்கிக்கொண்டிருப்பது. கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 4,000 மீட்டர் உயரத்தில் அது முடிவடைகிறது. அம்முனையிலுள்ள பனிக்குகையிலிருந்து பாகீரதி பீறிட்டு வருகிறாள். அவ்விடத்திற்குக் கௌமுக் என்று பெயர். பசுவின் முகம் என்பது பொருள். நம்மூர்க் கோயில்களில் அபிஷேக நீர் வெளிவரும் கோமுகியை நினைத்துக்கொண்டால் போதும். கோமுகியில் விழும் நீர் கோமுகியில் ஊறுவதில்லை. உள்ளே ஊற்றப்பட்டு, நம் கண்ணுக்குத் தெரியாத வழியாக வருகிறது. கௌமுக்கின் நீரும் அப்படித்தான்.

மலையில் வெயில் ஏறியதும் பனியாற்றின் மேற்பரப்பு உருகத் தொடங்கும். உயரத்திலுள்ள பழம்பனிப் படலம் அந்நீரைப் பஞ்சுபோல் உறிஞ்சி வைத்துக்கொள்ளும். அதற்குக் கீழே, வெறும் பனிக்கட்டி தெரியும் பகுதியில், நீர் சிற்றோடைகளாக ஓடும். ஓடை ஒரு பிளவைக் கண்டால் உள்ளே பாயும். பாய்ந்த இடத்தைக் குடைந்து கிணறுபோல் ஆழமாக்கும். அக்கிணற்றில் நீர் விழும் பேரொலியைக் கேட்ட பிரெஞ்சுக்காரர்கள் அதற்கு 'மூலேன்', அதாவது ஆலை என்று பெயரிட்டனர். கிணற்றின் அடியிலிருந்து பனிக்கட்டிக்குள்ளும், பனிக்கட்டிக்கும் பாறைக்கும் இடையிலும் சுரங்க வழிகள் செல்கின்றன.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவன் ஆதலால், இச்சுரங்க வழியைத் தமிழில் எவ்வாறு சொல்லலாம் என்று எண்ணிப் பார்த்தேன். புதுச்சொல் ஆக்கத் தேவையில்லை. ஏரிக்கரையின் அடியில் நீரை வெளிவிட நம் முன்னோர் அமைத்த வழிக்குத் 'தூம்பு' என்று பெயர். பனியாற்றின் அடியில் இருப்பதும் தூம்புதான். வேறுபாடு ஒன்றே: ஏரித் தூம்பை மனிதர் கல்லால் கட்டினார்கள், பனித் தூம்பை நீரே குடைந்துகொள்கிறது.

அது எவ்வாறு என்று பார்ப்போம். ஓடும் நீர் உராய்வினால் சிறிது வெப்பத்தை உண்டாக்கி, சுற்றியுள்ள பனிச்சுவரை உருக்கி, தன் வழியை அகலப்படுத்துகிறது. மேலிருந்து அழுத்தும் பனிக்கட்டியோ மெல்ல நெகிழ்ந்து அவ்வழியை மூடப் பார்க்கிறது. குளிர்காலத்தில் நீர் குறைந்ததும் தூம்புகள் நெருக்குண்டு அடைபடுகின்றன. வசந்தத்தில் மீண்டும் உருகும் நீர், நேர்வழி காணாமல், அடியிலுள்ள சிறு இடுக்குகளில் தேங்கி மெதுவாகக் கசிகிறது. கோடை முற்றியபின் தூம்புகள் அகன்றுவிடும். நண்பகலில் உருகிய நீரில் பெரும்பகுதி சில மணி நேரத்தில் வெளியே வந்துவிடும். ஆகவே பனியாறு நமக்கு நீர் தருவது மட்டுமன்று. அந்நீரைத் தாமதித்துத் தருகிறது. அந்தத் தாமதமே பெரிய உபகாரம்.

கொல்கத்தாவைத் தலைமையிடமாகக் கொண்ட இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த ஜே. பி. ஆடன், 1935-ல் கௌமுக்கின் முனையை அளந்து வரைபடம் தயாரித்தார். அதன் பிறகு அம்முனை ஒரு கிலோமீட்டருக்கும் மேல் பின்வாங்கியிருக்கிறது. முன்னாளில் வந்து கலந்த ரக்தவர்ணம், சதுரங்கி என்னும் கிளைப் பனியாறுகள் இன்று தாய்ப் பனியாற்றினின்றும் பிரிந்து நிற்கின்றன.

இவ்வாறு சுருங்கும் பனியாற்றில் நீரின் நடையும் மாறுகிறது. நீரைப் பிடித்து வைத்த பழம்பனிப் படலம் குறைகிறது. வெண்பனி நீங்கிய கருநிறக் கட்டி வெயிலை மிகுதியாக உட்கொண்டு விரைந்து உருகுகிறது. கடக்க வேண்டிய தொலைவு குறைகிறது. பனிக்கட்டி மெலிந்துவிட்டதால் தூம்பை மூடும் அழுத்தமும் தளர்கிறது. எனவே, உருகியது உடனுக்குடன் ஓடிவிடுகிறது. சில ஆண்டுகள் ஆற்றில் முன்னைவிட மிகுதியாகவே நீர் வரக்கூடும். பார்ப்பவர் செழிப்பென்று மகிழ்வர். அது விளைச்சலன்று, விதைநெல்லைக் குத்திப் பொங்கிய சோறு. ஓர் உச்சத்தை எட்டியபின் உருகுநீர் குறையத் தொடங்கும். கங்கைப் படுகையில் அவ்வுச்சம் இந்நூற்றாண்டின் நடுப்பகுதியை ஒட்டி நேரலாம் என்பது ஆய்வாளர் கணிப்பு.

வேறு சில இடங்களில், பனியாறு பின்வாங்கிய பள்ளத்தில் அது விட்டுச்சென்ற கல்லும் மண்ணுமே கரையாக அமைந்து, உருகுநீர் ஏரியாகத் தேங்குகிறது. மதகில்லாத ஏரி அது. சிக்கிமின் தெற்கு லோனாக் ஏரி 2023 அக்டோபர் தொடக்கத்தில் ஓர் இரவில் உடைந்து, சுங்தாங்கிலிருந்த அணையை அடித்துச் சென்றது. வெள்ளம் தீஸ்தா வழியே வட வங்காளம் வரை வந்தது.

அப்படியானால் கங்கை வற்றிவிடுமோ என்று சிலர் அஞ்சுகின்றனர். இமயப் பனியாறுகள் 2035-க்குள் மறைந்துவிடக்கூடும் என்று, பருவநிலை மாற்றத்தை ஆராயும் ஐக்கிய நாடுகள் குழுவின் 2007-ஆம் ஆண்டு அறிக்கை கூறியது. அதற்குத் தக்க ஆதாரமில்லை எனக் கண்டு, 2010-ல் அக்குழுவே வருத்தம் தெரிவித்தது. கொல்கத்தாவை எட்டும் கங்கையில் பெரும்பங்கு பருவமழையின் நீரே. பனி போனாலும் மழை பெய்யும் வரை கங்கை ஓடும்.

ஆயினும் நிம்மதி கொள்வதற்கில்லை. மழை தொடங்குமுன் உள்ள வறண்ட வாரங்களிலும், மழை பொய்த்த ஆண்டுகளிலும்தான் பனிநீரின் அருமை தெரியும். அம்மாதங்களில் நீர் எவ்வளவு அரிது என்பதற்குப் பரக்காவே சான்று. கொல்கத்தாத் துறைமுகம் தூர்ந்துவிடாதிருக்க ஹூக்ளிக்கு நீரைத் திருப்பும் பரக்கா அணை 1975-ல் இயங்கத் தொடங்கியது. அங்கே வந்து சேரும் நீரை ஜனவரி முதல் மே வரை பங்கிட்டுக்கொள்வதற்காகவே, இந்தியாவும் வங்காளதேசமும் 1996 டிசம்பரில் 30 ஆண்டுகளுக்கு ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. மழைக்காலத்து நீருக்குப் பங்கு கேட்பார் இல்லை.

மலை நீரைத் தாமதிக்கும் ஆற்றலை இழக்குமானால், சமவெளி அதனைக் கற்றுக்கொள்ள வேண்டும். குடிமராமத்துச் செய்து ஏரிகளைக் காத்த மரபில் வந்தவர்கள் நாம். பெஹாலாவில் 'புகுர்' என்று வழங்கும் குளங்கள் பல தூர்க்கப்பட்டு வீட்டுமனைகளாகிவிட்டன. எஞ்சியவையும் சில உள. எந்த ஊரில் வாழ்ந்தாலும், அவ்வூரின் குளத்தைத் தம் ஊர் ஏரியாக எண்ணித் தூர்க்காமல் காப்பது, அங்கே நீர் அருந்தும் அனைவர்க்கும் கடமையாகும்.