வங்கித் தேர்வில் ஆங்கிலம்: செவிப் பழக்கமும் படிப்புப் பழக்கமும்

(வைட்ஃபீல்டில் வங்கித் தேர்வுக்குப் பயிலும் தமிழ் இளைஞர்களுக்கு ஆற்றிய உரை)

நாட்டின் பொருளாதார வளர்ச்சியில் வங்கிகள் வகிக்கும் பங்கைப் பற்றிப் பேசும்போது வைப்புத் தொகை, கடன் அளவு, கிளைகளின் எண்ணிக்கை ஆகியவற்றைக் கணக்கிடுவது வழக்கம். அக்கிளைகளில் அமர்ந்து பணியாற்றும் ஊழியர் எவ்வாறு தேர்ந்தெடுக்கப்படுகின்றனர் என்பதும் அதற்கு இணையான முக்கியத்துவம் உடையதே. 1969ஆம் ஆண்டு ஜூலை 19ஆம் நாள் 14 பெரிய வங்கிகள் நாட்டுடைமை ஆக்கப்பட்டன. அப்போது நாடு முழுவதும் இருந்த வணிக வங்கிக் கிளைகள் 8,262. 1991ஆம் ஆண்டில் அவை 60,000ஐத் தாண்டிவிட்டன. இத்தனை கிளைகளுக்கும் ஆட்களைப் பாரபட்சமின்றித் தேர்ந்தெடுக்க வேண்டிய தேவையே இன்றைய எழுத்துத் தேர்வு முறையை வளர்த்தது. 1975இல் தேசிய வங்கி மேலாண்மைக் கழகத்தின் ஒரு பிரிவாகத் தோன்றிய தேர்வுப் பணி, 1984இல் வங்கிப் பணியாளர் தேர்வுக் கழகம் என்னும் தனி அமைப்பாயிற்று. 2011 முதல் அக்கழகம் பொதுத்துறை வங்கிகளுக்கான பொது எழுத்துத் தேர்வை ஆண்டுதோறும் நடத்தி வருகிறது.

இத்தேர்வில் தாய்மொழிக்கு இடம் வேண்டும் என்ற கோரிக்கை நெடுநாளையது. அது ஓரளவு நிறைவேறியுள்ளது. 12 பொதுத்துறை வங்கிகளின் எழுத்தர் பணித் தேர்வை ஆங்கிலம், இந்தி ஆகியவற்றுடன் 13 வட்டார மொழிகளிலும் நடத்த வேண்டும் என்று 2021 செப்டம்பரில் மத்திய நிதி அமைச்சகம் பரிந்துரைத்தது. அம்மொழிகளுள் தமிழும் கன்னடமும் அடங்கும். எனவே கணக்கு வினாக்களையும் தர்க்க வினாக்களையும் தமிழிலேயே படித்து விடை தரலாம். ஆனால் ஆங்கில மொழித் தாள் ஆங்கிலமாகவே நிற்கிறது. அதிகாரிப் பணிக்கான தேர்வோ ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே நடைபெறுகிறது.

முதல்நிலைத் தேர்வின் ஆங்கிலப் பகுதியில் 30 வினாக்கள். அதற்கு 20 நிமிடங்கள். ஒவ்வொரு பகுதியிலும் தனித்தனியே குறைந்தபட்ச மதிப்பெண் பெற்றாக வேண்டும். கணக்கில் முதன்மையாக நிற்கும் ஒருவர் ஆங்கிலத்தில் ஒரு மதிப்பெண் குறைந்தால், அவருடைய கணக்குத் திறமை அவருக்குத் துணை நிற்பதில்லை. தேர்வு ஆண்டுக்கு ஒரு முறைதான் வருகிறது. எழுத்தர் பணிக்குப் பொதுப் பிரிவினருக்கான வயது வரம்பு 28. பட்டப் படிப்பை 21 வயதில் முடிக்கும் ஓர் இளைஞருக்குக் கிடைக்கும் வாய்ப்புகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். குடும்பத்தின் முதல் பட்டதாரியாக, தமிழ்வழியில் பயின்று வந்தவருக்கு அவற்றுள் ஒன்றை இழப்பதும் பெரிய இழப்பாகும்.

ஆங்கிலம் ஒலிக்கும் ஊர்

ஆங்கிலத்தைப் பற்றிப் பேச வைட்ஃபீல்ட் மிகப் பொருத்தமான ஊர். 1882ஆம் ஆண்டில் மைசூர் மகாராஜா பத்தாம் சாமராஜ உடையார், மைசூர்-குடகு யூரேசிய ஆங்கிலோ இந்தியர் சங்கத்துக்கு 3,900 ஏக்கர் நிலம் வழங்கினார். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட குடும்பங்கள் வேளாண்மை செய்து வாழ ஏற்பட்ட இக்குடியிருப்பு, அச்சமூகத்தின் தலைவராகிய ஒயிட் என்பவரின் பெயரைப் பெற்றது. ஒரு நூற்றாண்டுக்குப் பின்னர், 1990களில், இந்திய-சிங்கப்பூர் கூட்டு முயற்சியாகத் தகவல் தொழில்நுட்பப் பூங்கா இங்கு எழுந்தது. அன்று வீட்டு மொழியாக இருந்த ஆங்கிலம் இன்று அலுவலக மொழியாக ஒலிக்கிறது. ஜோலார்பேட்டை வழியாகத் தமிழ்நாட்டை இணைக்கும் இரயில் பாதையில் அமைந்த இவ்வூரில் கன்னடம், தெலுங்கு, தமிழ் ஆகிய மூன்றும் அதனுடன் கலந்து கேட்கின்றன.

இத்தகைய ஊரில் வாழ்பவருக்கு ஆங்கிலத் தாள் எளிது என்று கருதுவது இயல்பே. ஆனால் அது முற்றிலும் சரியன்று. அலுவலகத்திலும் கடையிலும் பேருந்திலும் காதில் விழும் ஆங்கிலம், பேச்சு ஆங்கிலம். அதில் வாக்கியம் பாதியில் நின்றாலும் பொருள் விளங்கிவிடும். ஒருமை பன்மை மாறினாலும் கேட்பவர் பொருட்படுத்துவதில்லை. தேர்வுத் தாள் சோதிப்பதோ எழுத்து ஆங்கிலத்தை. நீண்ட பத்தியை விரைவாகப் படித்துப் பொருள் கொள்வது, வாக்கியத்தின் எப்பகுதியில் பிழை உள்ளது என்று காண்பது, விடுபட்ட சொற்களை நிரப்புவது, வரிசை மாறிய வாக்கியங்களை ஒழுங்குபடுத்துவது ஆகியவையே அதன் வினாக்கள். இவை எல்லாம் கண்ணால் பெறும் பயிற்சியைச் சார்ந்தவை. வைட்ஃபீல்டில் வாழ்வதால் மட்டும் இப்பயிற்சி வந்துவிடாது. தருமபுரியிலோ திருவாரூரிலோ ஆங்கிலம் காதில் விழாத சிற்றூரில் வாழ்பவருக்கு அது எட்டாததும் அன்று. இந்த உண்மையைப் பட்டணத்து இளைஞர் எச்சரிக்கையாகவும், சிற்றூர் இளைஞர் ஊக்கமாகவும் கொள்ளலாம்.

பிழைகள் பிறக்கும் இடம்

பயிற்சி நூல்கள் நூற்றுக்கணக்கான இலக்கண விதிகளைத் தருகின்றன. அவ்வளவையும் மனப்பாடம் செய்வதைவிட, தமிழின் அமைப்பும் ஆங்கிலத்தின் அமைப்பும் எங்கே வேறுபடுகின்றன என்று அறிவது மிகுந்த பயன் தரும். தமிழ் மாணவர் செய்யும் பிழைகளுள் பல அவ்வேறுபாட்டிலிருந்தே பிறக்கின்றன. கன்னடமும் தெலுங்கும் தமிழைப் போலவே வினையை இறுதியில் வைப்பவை ஆதலால், அம்மொழி மாணவர்க்கும் இது பெரிதும் பொருந்தும்.

முதலாவது, எழுவாயும் பயனிலையும் இயைதல். ‘கடன் பெற்றவர்களின் பட்டியல் அனுப்பப்பட்டது’ என்னும் தமிழ் வாக்கியத்தில் ‘பட்டியல்’ என்ற எழுவாய் வினைக்கு அருகிலேயே நிற்கிறது. ஆங்கிலத்தில் ‘தி லிஸ்ட் ஆஃப் பாரோயர்ஸ் ஹாஸ் பீன் சென்ட்’ என்று எழுத வேண்டும். இங்கே எழுவாய் முன்னே சென்றுவிட, ‘பாரோயர்ஸ்’ என்ற பன்மைச் சொல் வினைக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. அதைக் கண்டு ‘ஹாஸ்’ என்பதை ‘ஹாவ்’ என்று மாற்றத் தோன்றும். பிழை காணும் வினாக்களில் அடிக்கடி வரும் கண்ணி இதுவே. வினையைக் கண்டவுடன் ‘யார்? எது?’ என்று கேட்டு, வாக்கியத்தின் முற்பகுதியில் எழுவாயைத் தேடுவதே இதற்கு வழி.

இரண்டாவது, காலம். ‘அவர் பத்தாண்டுகளாக இங்கே பணியாற்றுகிறார்’ என்பது பிழையற்ற தமிழ். அதை அவ்வாறே நிகழ்கால வினையாக மாற்றி ‘ஹி இஸ் வொர்க்கிங்’ என்று எழுதினால் ஆங்கிலத்தில் பிழையாகும். ‘ஹி ஹாஸ் பீன் வொர்க்கிங்’ என்பதே வேண்டும். தமிழில் ‘ஆக’ என்று முடிவது கால அளவு. அதற்கு ‘ஃபார்’ வரும். ‘இருந்து’ என்று முடிவது தொடங்கிய புள்ளி; அதற்கு ‘சின்ஸ்’ வரும். ‘மூன்று நாள்களாக’, ‘திங்கட்கிழமையிலிருந்து’ என்று தமிழில் சொல்லிப் பார்த்தாலே ஐயம் தீர்ந்துவிடும்.

மூன்றாவது, வேற்றுமை உருபுகள். தமிழில் ‘திட்டத்தைப் பற்றி விவாதித்தனர்’ என்கிறோம் அல்லவா? அதனால் ஆங்கிலத்திலும் ‘டிஸ்கஸ் அபௌட்’ என்று எழுதும் பழக்கம் பரவியுள்ளது. ‘டிஸ்கஸ்’ என்ற சொல்லுக்கு ‘அபௌட்’ வேண்டியதில்லை. ‘அவரோடு மணம்’ என்னும் எண்ணத்தில் ‘மேரீட் வித்’ என்று எழுதுவதும் இத்தகையதே. அங்கே ‘மேரீட் டு’ என்றே வர வேண்டும். இவற்றுக்குப் பொது விதி இல்லை. ஒவ்வொரு வினைச்சொல்லையும் அதனுடன் வரும் சிறு சொல்லோடு சேர்த்தே குறித்துக்கொள்ள வேண்டும்.

நான்காவது, ‘எ’, ‘ஆன்’, ‘தி’ என்னும் சிறு சொற்கள். தமிழில் இவற்றுக்கு நேரான இலக்கணக் கூறு இல்லையாயினும், கருத்து உண்டு. ‘ஒரு வங்கி புதிய கிளை திறந்தது, அந்த வங்கி...’ என்று சொல்லும்போது ‘ஒரு’ முதல் அறிமுகத்தையும் ‘அந்த’ மறு குறிப்பையும் காட்டுகின்றன. வாக்கியங்களை ஒழுங்குபடுத்தும் வினாவுக்கு இவ்வறிவு பெரிதும் துணையாகும். ‘எ’ என்று அறிமுகம் செய்யும் வாக்கியம் முன்னும், ‘தி’ என்று சுட்டும் வாக்கியம் பின்னும் வருதல் இயல்பு. முழுப் பெயர் முன்னும் ‘ஹி’, ‘இட்’ போன்றவை பின்னும் வரும். ‘ஹவெவர்’ என்று தொடங்கும் வாக்கியம் முதல் வாக்கியமாக இருப்பது அரிது.

நாற்பது விநாடிக் கணக்கு

30 வினாக்களுக்கு 20 நிமிடங்கள் என்றால் ஒரு வினாவுக்குச் சராசரி 40 விநாடி. தவறான விடை ஒவ்வொன்றுக்கும் கால் மதிப்பெண் கழிக்கப்படும். 28 வினாக்களுக்கு விடையளித்து 16 சரியாகவும் 12 தவறாகவும் அமைந்தால் கிடைப்பது 13 மதிப்பெண். 18 வினாக்களை மட்டும் எடுத்து அனைத்தையும் சரியாகச் செய்தவருக்கு 18. எனவே எத்தனை வினா எழுதினோம் என்பதில் பெருமை இல்லை.

அதற்காக ஐயம் எழும் வினாக்களை எல்லாம் விட்டுவிடுவதும் சரியன்று. ஐந்து விடைகள் உள்ள வினாவில் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைத் தேர்ந்தால் சராசரி ஆதாயம் சுழியம். ஐந்தில் இரண்டு உறுதியாகத் தவறு என்று தள்ள முடிந்தால், எஞ்சிய மூன்றில் ஒன்றைத் தேர்வதால் சராசரியாக ஆறில் ஒரு பங்கு மதிப்பெண் ஆதாயம் உண்டு. ஆகவே தள்ளத் தெரிந்த இடத்தில் துணியலாம். ஒன்றுமே விளங்காத இடத்தில் நேரத்தைச் செலவிடாமல் கடந்து செல்லலாம்.

பயிற்சி முறை

பயிற்சியின் தொடக்கத்திலேயே கடிகாரத்தை வைத்துக்கொண்டு அமர்வது பலர் செய்யும் தவறு. முதல் சில வாரங்கள் நேரக் கட்டுப்பாடு இன்றி, ஒவ்வொரு விடைக்கும் காரணம் சொல்லிப் பழகுதல் நன்று. காரணம் தெளிந்த பின்னரே வேகம் நிலைக்கும். தவறிய வினாக்களுக்கென்று ஒரு நோட்டுப் புத்தகம் வேண்டும். அதில் சரியான விடையை மட்டும் எழுதினால் போதாது. பிழை எழுவாயிலா, காலத்திலா, சிறு சொல்லிலா, சொற்பொருளிலா என்று வகைப்படுத்த வேண்டும். ஒரு மாதத்தில் எவ்வகைப் பிழை மிகுதி என்பது அவரவர் கண்ணுக்கே தெரிந்துவிடும். அதன்பின் உழைப்பை அங்கே செலுத்தலாம்.

சந்தையில் விற்கும் ‘சென்ற ஆண்டு வினாத்தாள்கள்’ பெரும்பாலும் தேர்வு எழுதியவர்களின் நினைவிலிருந்து தொகுக்கப்பட்டவை. அவற்றின் விடைகளிலும் பிழை இருக்கலாம். தேர்வுக் கழகம் வெளியிடும் தகவல் கையேட்டிலுள்ள மாதிரி வினாக்களையே முதல் அளவுகோலாகக் கொள்ள வேண்டும்.

இவை அனைத்தினும் அடிப்படையானது நாள்தோறும் படித்தல். ஆங்கில நாளேட்டின் தலையங்கம் ஒன்று, வணிகப் பக்கச் செய்தி ஒன்று, ரிசர்வ் வங்கியின் செய்திக் குறிப்பு ஒன்று என்று அரை மணி நேரம் போதும். ஒவ்வொரு பத்தியையும் படித்து முடித்து, அதன் சாரத்தைத் தமிழில் ஒரே வாக்கியமாகச் சொல்லிப் பார்க்க வேண்டும். சொல்ல வரவில்லையெனில் பொருள் விளங்கவில்லை என்றே கொள்ளலாம். நூலகத்தில் நாளேடு கிடைக்கிறது. ரிசர்வ் வங்கியின் குறிப்புகள் இணையத்தில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. இப்பயிற்சிக்குப் பணத்தைவிட ஒழுங்கே தேவை.

ஆங்கிலம் மட்டும் போதுமா?

எழுத்தர் பணிக்கு விண்ணப்பிப்பவர் எந்த மாநிலத்தின் காலியிடத்தை நாடுகிறாரோ, அம்மாநில ஆட்சிமொழியைப் படிக்கவும் எழுதவும் பேசவும் அறிந்திருக்க வேண்டும். வைட்ஃபீல்டிலிருந்து கர்நாடகக் காலியிடத்துக்கு விண்ணப்பிக்கும் தமிழ் இளைஞர் கன்னடம் கற்றாக வேண்டும். பேசத் தெரிந்தும் எழுதத் தெரியாதவர்கள் இதனை இன்றே தொடங்குவது நலம். ஆங்கிலத்தில் தேறியும் மாநில மொழித் தகுதியின்றிப் பணியை இழப்பது வருந்தத்தக்கது. வட்டார கிராம வங்கிகளின் முதல்நிலைத் தேர்வில் ஆங்கிலப் பகுதி இல்லை. முதன்மைத் தேர்வில் ஆங்கிலம் அல்லது இந்தியைத் தேர்ந்துகொள்ளலாம். ஆங்கிலத்தில் இன்னும் வலுப்பெறாதவர் அவ்வழியையும் கருதிப் பார்க்க வேண்டும்.

வங்கி ஊழியருக்கு ஆங்கிலம் எதற்கு என்ற கேள்விக்கும் இங்கேயே விடை இருக்கிறது. தலைமை அலுவலகத்துச் சுற்றறிக்கை ஆங்கிலத்தில் வருகிறது. கடன் ஒப்பந்தத்தின் நிபந்தனைகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் உள்ளன. முகப்பில் வந்து நிற்கும் விவசாயியோ சிறு வணிகரோ தமிழிலோ கன்னடத்திலோ கேட்கிறார். ‘வட்டி எப்போது கூடும்? தவணை தவறினால் என்ன ஆகும்?’ என்ற கேள்விகளுக்கு, ஆங்கிலப் பத்தியைச் சரியாகப் படித்து அவருடைய மொழியில் சரியாகச் சொல்லத் தெரிந்த ஊழியர் வேண்டும். தவறாகப் படித்துச் சொன்னால் நட்டம் அந்த வாடிக்கையாளருக்கே. இன்று நோட்டுப் புத்தகத்தில் பிழைகளை வகைப்படுத்தும் இளைஞர், நாளை அம்முகப்பில் அமரும்போது அந்த உழைப்பின் பயன் தம்மை நம்பி வருவோரையும் சென்றடையும் என்பதை மனத்தில் கொண்டு பயில்வாராக.