இரண்டு தொகுதி, இரண்டு பணப்பை
(குத்தாலத்தில் ஆலைத் தொழிலாளர், விவசாயக் கூலிகள் கூட்டத்தில் ஆற்றிய உரை)

தேர்தல் செலவுச் சட்டம் வக்கீல்கள் சமாசாரம், நமக்கென்ன என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. தேர்தலில் யார் நிற்க முடியும், யார் நிற்க முடியாது என்பதையே அது தீர்மானிக்கிறது. நடவு நடுகிறவரும் நிற்கலாம், ஆலை முதலாளியும் நிற்கலாம். ஆனால் பணத்துக்கு வரம்பு இல்லாவிட்டால் அந்தச் சமத்துவம் ஏட்டுச் சுரைக்காய்தான்.

1951-ம் வருஷத்து மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் வேட்பாளர் செலவுக்கு வரம்பு கட்டுகிறது. 2022-ல் உயர்த்தியபடி, தமிழ்நாட்டில் பார்லிமெண்ட் தொகுதிக்கு 95 லட்சம் ரூபாய். சட்டசபைத் தொகுதிக்கு 40 லட்சம். இந்த வரம்பு ஆளுக்கு அல்ல, தொகுதிக்கு! ஒரே ஆள் இரண்டு பார்லிமெண்ட் தொகுதிகளில் நின்றால் 1 கோடியே 90 லட்சம் வரை செலவழிக்கலாம்.

நமக்கோ ஒரு ஊர், ஒரு ஓட்டு. இரண்டு தொகுதிகளின் பட்டியலில் நம் பெயர் இருக்கக்கூடாது என்று சட்டம் சொல்கிறது. ஆனால் சட்டம் தலைவர்களுக்கு இரண்டு தொகுதிகளைத் திறந்து விடுகிறது. 1996-க்கு முன்பு இந்த இரண்டு என்ற கட்டுகூட இல்லை. 1991-ல் ஜெயலலிதா பர்கூர், காங்கேயம் இரண்டிலும் ஜெயித்தார். 2014-ல் நரேந்திர மோடி வாரணாசி, வதோதரா இரண்டிலும் ஜெயித்தார். 2024-ல் ராகுல் காந்தி ரேபரேலி, வயநாடு இரண்டிலும் ஜெயித்தார். ஜெயித்தவர் ஒன்றைக் கைவிட வேண்டும். பிறகு இடைத்தேர்தல். அந்தச் செலவு யார் தலையில்? பொதுப் பணத்தின் தலையில்! ஒருவருக்கு ஒரே தொகுதி என்று தேர்தல் கமிஷன் 2004-லும், சட்டக் கமிஷன் 2015-லும் யோசனை சொல்லின. இரண்டு தொகுதிமுறையை ரத்து செய்யக் கோரிய மனுவை 2023-ல் சுப்ரீம் கோர்ட் தள்ளிவிட்டது. அது பார்லிமெண்ட் முடிவு செய்ய வேண்டிய விஷயம் என்றது.

இன்னொரு ஓட்டையைப் பாருங்கள். செலவுக் கணக்கு வேட்புமனு தாக்கல் செய்த நாளில்தான் ஆரம்பிக்கிறது. ஒருவர் ஆறு மாதம் ஒரு தொகுதியில் பணத்தை இறைத்துவிட்டு, கடைசி நேரத்தில் வேறு தொகுதியில் மனுப் போட்டால், முந்தைய செலவு எந்தக் கணக்கிலும் ஏறாது. மனுப் போட்டு வாபஸ் வாங்கியவரும் கணக்குக் கொடுக்க வேண்டியதில்லை. களத்தில் நிற்பவர் மட்டுமே கொடுக்க வேண்டும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய ஓட்டை 1974-ல் விழுந்தது. கட்சி செய்யும் செலவும் வேட்பாளர் கணக்கில் சேரும் என்று, அமர்நாத் சாவ்லா வழக்கில் அந்த வருஷம் அக்டோபரில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. அதே மாதத்தில் இந்திரா காந்தி சர்க்கார் அவசரச் சட்டம் போட்டு அந்தத் தீர்ப்பைச் செல்லாக்காசாக்கியது. அதாவது, வேட்பாளருக்கு மரக்கால், கட்சிக்குப் பத்தாயம்! மரக்காலை எத்தனை முறை சரிபார்த்தாலும் பத்தாயம் திறந்தே கிடந்தால் என்ன பிரயோஜனம்?

பத்தாயத்தை நிரப்புவது யார்? கம்பெனிகள் தங்கள் சராசரி லாபத்தில் 7.5 சதவீதத்துக்கு மேல் கட்சிகளுக்குக் கொடுக்கக்கூடாது என்றிருந்தது. 2017-ல் அந்த வரம்பை எடுத்தார்கள். கொடுத்தவர் பெயரை மறைக்கத் தேர்தல் பத்திரமும் கொண்டுவந்தார்கள். 2024 பிப்ரவரி 15-ல் சுப்ரீம் கோர்ட் இரண்டையும் செல்லாது என்றது.

அமெரிக்காவில் 1974 முதல் ஒரு தேர்தலில் ஒருவர் ஒரு வேட்பாளருக்கு இவ்வளவுதான் கொடுக்கலாம் என்று வரம்பு உண்டு. ஆனால் செலவுக்கு வைத்த வரம்பை 1976-ல் அங்குள்ள சுப்ரீம் கோர்ட் ரத்து செய்தது. அங்கே கொடுக்கும் கைக்குக் கட்டு, செலவழிக்கும் கைக்கு இல்லை. இங்கே வேட்பாளர் கைக்கு மட்டும் கட்டு. ஒரு கையைக் கட்டி மறு கையை அவிழ்த்துவிட்டால் பணம் வழி கண்டுபிடித்துக்கொள்ளும்.

ஆகவே நாம் கேட்க வேண்டியது மூன்று. ஒருவருக்கு ஒரே தொகுதி. கட்சிச் செலவுக்கும் வரம்பு. தொகுதி மாறினாலும் ஆளோடு கூடவே போகும் கணக்கு.

சட்டம் மாறும் வரை கையைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டாம், தோழர்களே! முடிவு வந்த 30 நாளுக்குள் வேட்பாளர் ஒவ்வொருவரும் மாவட்டத் தேர்தல் அதிகாரியிடம் கணக்குக் கொடுத்தாக வேண்டும். ஒரு ரூபாய் கட்டணம் கட்டினால் யாரும் அதைப் பார்க்கலாம். குத்தாலம் 2008 தொகுதி மறுவரையறையில் தொகுதி என்ற பெயரை இழந்தது. கேட்கும் உரிமையை இழக்கவில்லை. அடுத்த தேர்தல் முடிந்ததும் நாலு பேராக மயிலாடுதுறைக்குப் போங்கள். நம் தெருவில் எத்தனை பந்தல் போட்டார்கள், எத்தனை வேன் ஓடியது என்று நமக்குத் தெரியும். காகிதத்தில் எத்தனை இருக்கிறது என்று பாருங்கள். அளவு பார்க்கத் தெரியாதவர்களா நாம்?