பல் டாக்டர் சீட்டுக்குச் சென்னை போனோம்

(ஊராட்சி அளவிலான கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் குழு உறுப்பினர் ஒருவர் பேசியது)

என் மகள் 2024-ல் பல் மருத்துவம் சேர்ந்தாள். "சென்னை இன்டர்வியூவுக்கு எப்படித் தயார் பண்ணுனீங்க?" என்று பலபேர் கேட்டீங்க. அதைத்தான் சொல்ல வந்திருக்கிறேன்.

நாமதான் அதை இன்டர்வியூ என்கிறோம். அங்கே இங்கிலீஷில் கேள்வி கேட்டு யாரையும் மடக்குவதில்லை. அதற்குப் பேர் கலந்தாய்வு. நீட் மார்க்கை வைத்து முதலிலேயே ரேங்க் போட்டுவிடுகிறார்கள். ரேங்க் வரிசைப்படி கூப்பிட்டு, எந்தக் கல்லூரியில் எத்தனை இடம் பாக்கி என்று திரையில் காட்டுவார்கள். எது வேணும்னு பிள்ளை சொல்லணும். 6-ஆம் வகுப்பிலிருந்து 12 வரை அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கு 2020-ல் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு வந்ததே, அதில்தான் எங்களை நேரில் கூப்பிட்டார்கள்.

இதற்கு என்ன தயாரிப்பு என்று கேட்பீங்க. முடிவெடுப்பதுதான் தயாரிப்பு. நம்ம முறை வந்தால் அங்கே நிற்க ரொம்ப நேரம் கிடையாது. அவள் ரேங்குக்கு எம்.பி.பி.எஸ். கிடைக்காது என்று எங்களுக்கு முன்பே தெரியும். எங்க நாத்தனார், "பல்லு புடுங்குற படிப்புக்கா இவ்வளவு தூரம்? அடுத்த வருசம் மறுபடி எழுதட்டும்" என்றார். எனக்கும் கொஞ்சம் அந்த நினைப்புதான். மகளை அழைத்துக்கொண்டு தாலுகா ஆஸ்பத்திரி பல் பிரிவுக்குப் போய் ஒரு நாள் காலை முழுக்க உட்கார்ந்தோம். சொத்தைப் பல்லை அடைத்தார்கள், பிடுங்கினார்கள். அதோடு, புகையிலை போடும் ஒரு பாட்டியின் கன்னத்துக்குள்ளே வெள்ளைத் திட்டு இருப்பதை அந்த டாக்டரம்மா பார்த்து, புற்றுநோய் இருக்கிறதா என்று சோதிக்கப் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார். திரும்பும்போது பஸ்ஸில், "அம்மா, நான் இதுவே படிக்கிறேன்" என்றாள். நம்ம குழுவிலேயே வெற்றிலை புகையிலை போடுகிறவங்க எத்தனை பேர் என்று எனக்குத் தெரியும். சரி என்றேன்.

பிறகு கட்டணம். 2020-ல் முதல் கலந்தாய்வின்போது தனியார் கல்லூரியில் இடம் கிடைத்தும் பணம் கட்ட வழியில்லாமல் சில பிள்ளைகள் விட்டுவிட்டு வந்தார்கள். அதற்குப் பிறகுதான் இந்த ஒதுக்கீட்டுப் பிள்ளைகளின் கட்டணத்தை அரசே ஏற்கும் என்று அறிவித்தார்கள். இது தெரியாமல் போனால், தனியார் கல்லூரிப் பேரைக் கேட்டதுமே நாம பயந்து வேண்டாம் என்று சொல்லிவிடுவோம். வழிச்செலவுக்கும் துணிமணிக்கும் குழுவில் உள்கடன் வாங்கினேன், இப்போது அடைத்துவிட்டேன்.

சான்றிதழில் அசட்டையாக இருக்காதீங்க. நீட் மார்க் அட்டை, 10, 11, 12 மார்க் பட்டியல், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், 6 முதல் 12 வரை படித்ததற்குப் பள்ளி தரும் சான்று, எல்லாம் அசல் வேணும். நடுவில் பள்ளி மாறியிருந்தால் பழைய பள்ளிக்கும் போகணும். எங்களுக்கு அதற்கே 4 நாள் அலைச்சல். நகலை வேறு பையில் வையுங்க.

முதல் நாள் ராத்திரி பஸ் ஏறி விடியற்காலை கிளாம்பாக்கத்தில் இறங்கினோம். அங்கிருந்து நகரத்துக்குள்ளே போகவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. அதைக் கணக்கில் வைத்துக் கிளம்புங்க.

உள்ளே அதிகாரி, "எந்தக் கல்லூரிம்மா?" என்று கேட்டதும் நான்தான் வாயைத் திறந்தேன். "பொண்ணு சொல்லட்டும்" என்றார். எனக்கு வெட்கமாகப் போச்சு. கிரேடிங்குக்கு பேங்க் மேனேஜர் வந்தபோது நம்மளை ஊக்குநர் பேசவிடாமல் அவரே பேசினாரே, அதே வேலையை நான் செய்திருக்கிறேன்! வீட்டில் பத்து நாள் அவளிடம் இதே கேள்வியைக் கேட்டுப் பழக்கினதும் நான்தான். அவள் தடுமாறாமல் கல்லூரிப் பேரைச் சொன்னாள். ஒதுக்கீட்டு ஆணையைக் கையில் வாங்கியதும், கல்லூரியில் எந்தத் தேதிக்குள் சேரணும், பாதியில் விட்டால் அபராதம் உண்டா என்று நான் கேட்டேன். பொறுமையாகவே பதில் சொன்னார்கள்.

நான்கு வருடப் படிப்பு, ஒரு வருடப் பயிற்சி, மொத்தம் ஐந்து வருடம். இந்த வருடம் +2 படிக்கும் பிள்ளைகள் நம்ம குழுக்களில் இருந்தால் கூட்டம் முடிந்ததும் என்னைப் பாருங்க. சாதிச் சான்றிதழில் அப்பா பேர் எழுத்து சரியாக இருக்கிறதா என்று இன்றைக்கே வீட்டில் எடுத்துப் பார்த்துவிடுங்க.