போன பிள்ளை அழுதால் ஏசாதீர்கள்
(தோட்டக் குடும்பங்களுக்கான கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



வெளிநாட்டுக்கு வேலைக்குப் போன பிள்ளை, "இங்க இருக்க முடியலம்மா" என்று அழுதால், "மத்தவங்க இருக்கலையா?" என்று ஏசிவிடுகிறோம். புது இடத்தில் மனம் கலங்குவது நம்ம சனத்துக்குப் புதிதல்ல.

1977 கலவரத்தின்போது எத்தனையோ தோட்டக் குடும்பங்கள் வன்னிக்குப் போயின. வவுனியாவிலும் கிளிநொச்சிப் பக்கம் தருமபுரத்திலும் குடியேறினார்கள். குளிரில் கொழுந்து பறித்த கைகள் கொடும் வெயிலில் காடு வெட்டின. மலேரியாக் காய்ச்சலும் வாட்டியது. பேச்சும் வேறு. நாம் பேசுவதை அங்கே "கதைப்பது" என்பார்கள். "பேசினார்" என்றால் ஏசினார் என்று அர்த்தம். ஒரே தமிழிலேயே இத்தனை தடுமாற்றம் என்றால், அரபு பேசும் வீட்டில் தனியாக நிற்கும் பிள்ளையின் நிலைமை என்ன? வன்னிக்குப் போனவர்களுக்குக் கூடி அழவாவது ஆள் இருந்தது. இவளுக்குப் போன் மட்டும்தான்.

ஆகவே போன் வந்தால் காசைப் பற்றிப் பிறகு கேளுங்கள். சாப்பிட்டாளா, தூங்கினாளா என்று முதலில் கேளுங்கள். வீட்டு ஏக்கம் என்றால், பாஷையும் வேலையும் பழகப் பழகக் குறையும். ஆனால் அடிக்கிறார்கள், பூட்டி வைக்கிறார்கள், சம்பளம் தரவில்லை என்றால் அது ஏக்கம் இல்லை. "பொறுத்துக்கோ" என்று சொல்லவே கூடாது. உடனே வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்துக்கு 1989 என்ற இலக்கத்தில் அறிவியுங்கள். அதற்குப் பாஸ்போட், வேலை ஒப்பந்தம் இரண்டின் பிரதியும் வீட்டில் இருக்க வேண்டும். பிள்ளை புறப்படுமுன்பே எடுத்து வையுங்கள்.