கணினிக் கையேடும் நன்னூல் நெறியும்



பேராக் மாநிலத் தோட்டங்களில் பால்மரம் சீவும் தொழில் கையிலிருந்து கைக்கு வந்தது. வெட்டு இடப்புறம் உயர்ந்து வலப்புறம் தாழவேண்டும். உளி பட்டைக்குள் இறங்கவேண்டும், உட்கட்டையைத் தொடலாகாது. எவ்வளவு ஆழம் என்பதை அருகில் நின்ற மூத்தவர் செய்து காட்டினார். பிழைத்தால் கையைப் பிடித்துத் திருத்தினார். அச்சிட்ட கையேட்டால் அது இயலாது. படிப்பவர் திகைத்து நிற்பதை அது அறியாது. அருகில் இல்லாத ஆசானின் இடத்தை எழுத்தே நிரப்பவேண்டும். மென்பொருள் கையேடு எழுதுவோர்க்கு முதல் இடர்ப்பாடு இதுவே.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். 1999ஆம் ஆண்டு சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டி உருவானது தமிழ்99 விசைப்பலகை. அதில் ஒரே மெய்க்குரிய விசையை அடுத்தடுத்து இருமுறை தட்டினால் முதலெழுத்தின்மேல் புள்ளி தானே விழும். ‘அப்பா’ என்று எழுதப் புள்ளி விசையே வேண்டா. ஆனால் ‘பப்பாளி’ என்று எழுத முனையும் மாணவர்க்குச் சொல்லின் தொடக்கமே ‘ப்ப’ என்று பிழைபடும். முதல் பகரத்தை அடுத்து அகர விசையைத் தட்டினால் புள்ளி விழாது. பழகியவர் விரல் இதனை எண்ணாமலே செய்கிறது. ஆதலால் அவர் எழுதும் கையேட்டில் இவ்வொரு வரி விடுபட்டுப்போகிறது. அறிந்தவர்க்கு அறியாமை மறந்துபோகிறது.

இத்தகைய குறைகளுக்கு நம் முன்னோர் பெயரிட்டே வைத்துள்ளனர். 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், நூலுக்குரிய குற்றங்கள் பத்து என வகுக்கிறது. அகர விசையைச் சொல்லாது விடுவது குன்றக் கூறல். ஒரே பொருளை ஒரு வரியில் ‘கோப்பு’ என்றும் மறுவரியில் ‘ஆவணம்’ என்றும் வழங்குவது மயங்க வைத்தல். சேமிக்கும் முறையை அறிய வந்தவர்க்கு மென்பொருளின் வரலாற்றை உரைப்பது மற்றொன்று விரித்தல். மென்பொருள் புதுப்பிக்கப்பட்டபின் கையேடு பழைய திரையையே விளக்கிக்கொண்டிருந்தால், ஏடு ஒன்று கூற, திரை வேறொன்று காட்டும். இக்குற்றம் எழுதிய நாளில் இல்லாதது, காலம் சேர்ப்பது. ஆகவே கையேட்டை ஒருமுறை எழுதி முடித்துவிட்டோம் என்று இருத்தல் ஆகாது.

இவற்றைக் களைய எளிய வழி ஒன்றுண்டு. கையேட்டை அம்மென்பொருளை அறியாத ஒருவர் கையில் கொடுத்துவிட்டு, நாம் வாய் திறவாமல் அருகில் அமர்ந்திருப்போம். அவர் விரல் எங்கே தயங்குகிறதோ அங்கே நம் வரி குறைபட்டது எனக் கொள்வோம். அவரைக் குறை கூறாது வரியைத் திருத்துவோம்.

ஈப்போவிலும் தோட்டப்புறங்களிலும் உள்ள தமிழ்ப்பள்ளி மாணவர்கள் இப்பணிக்கு மிக உகந்தவர்கள். தமிழ்க் கையேடு புரியாதபோது மாணவர் மலாய் அல்லது ஆங்கிலக் கையேட்டை நாடுவர்; அது இயல்பே. ஆனால் குறை கையேட்டினது என்று அவர் எண்ணமாட்டார். கணினிக்குத் தமிழ் ஒவ்வாது என்றே முடிவு செய்வார். மலேசியராகிய முத்து நெடுமாறன் ‘முரசு அஞ்சல்’ வழியாகத் தமிழைக் கணினியில் ஏற்றிய நாட்டில் அம்முடிவு வேரூன்றலாகாது. மொழிப்பாட வேளையில் ஒரு பக்கக் கையேடு எழுதுவதையும் ஒரு பயிற்சியாக்குவோம். ஒருவர் எழுத, மற்றொருவர் அதன்படி செய்து பார்க்கட்டும். நன்னூல் அங்கே நாள்தோறும் பயன்படும் நூலாகும்.