விருப்பப் பட்டியலின் முதல் வரி

தமிழ்நாட்டில் பொறியியல் படிப்புக்கான மாநில நுழைவுத் தேர்வு 2007-ஆம் ஆண்டு முதல் இல்லாததால், கல்லூரி தேடும் பிளஸ் டூ மாணவருக்குப் பொதுத்தேர்வு மதிப்பெண்ணே அடிப்படையாகிறது. கணிதத்தை 100-க்கும், இயற்பியலையும் வேதியியலையும் தலா 50-க்கும் மாற்றிக் கூட்டினால் கிடைக்கும் தொகையே ‘கட் ஆஃப்’ எனப்படுகிறது. கணிதத்தில் 96, இயற்பியலில் 90, வேதியியலில் 88 பெற்றவருக்கு அது 200-க்கு 185 ஆகும். இத்தொகை சமமாக இருப்பவர்களுள் கணிதத்தில் கூடுதலாகப் பெற்றவர் முந்துகிறார். பிறந்த தேதி வரை எல்லாமே ஒத்துப்போனால், கணினி வழங்கும் சமவாய்ப்பு எண் முடிவு செய்கிறது.

மதிப்பெண்ணைவிட அதிகக் கவனம் கோருவது, கல்லூரியையும் பாடப்பிரிவையும் இணைத்து மாணவர் வரிசைப்படுத்தித் தரும் ‘விருப்பப் பட்டியல்’ ஆகும். எட்டாத கல்லூரியை முதலில் எழுதினால் எட்டும் கல்லூரியும் கைநழுவும் என்ற அச்சம் பல வீடுகளில் உண்டு, அது ஆதாரமற்றது. ஏனெனில், தரவரிசைப்படி ஒரு மாணவரின் முறை வரும்போது, கணினி அவருடைய பட்டியலை மேலிருந்து கீழாகப் பார்த்து, காலியாக உள்ள முதல் இடத்தையே ஒதுக்குகிறது. அண்டை வீட்டார் புகழும் கல்லூரியை மேலே எழுதியவருக்கு அதுவே கிடைத்துவிடுவதும் உண்டு. அப்போது கணினியைக் குறைகூற இயலாது.

பட்டியலை உறுதிசெய்வதற்கு முன், கல்லூரியின் பெயரோடு அதன் குறியீட்டு எண்ணையும் சரிபார்ப்பது இன்றியமையாதது. ஒத்த பெயர் கொண்ட கல்லூரிகள் பல உள்ளன.