துப்பாக்கி பிடித்த கையில் பட்டம்
(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)



1943-இல் சிங்கப்பூரில் நேதாஜி ஜான்சி ராணிப் படையை அமைத்தார். கேப்டன் லட்சுமி தலைமை தாங்கினார். பால் வெட்டிய நம் தோட்டத்துப் பெண்கள் பலரும் கத்தியை வைத்துவிட்டுத் துப்பாக்கி ஏந்தினார்கள்.

16 வயதில் அதில் சேர்ந்தவர் ஈப்போவில் பிறந்த ராசம்மா பூபாலன். பர்மா வரை போய்த் திரும்பியவர், 'இனிமே என்ன படிப்பு?' என்று உட்காரவில்லை. அப்போது சிங்கப்பூரில் இருந்த மலாயாப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று ஆசிரியையானார். 1960-இல் ஆசிரியைகளுக்குச் சங்கம் அமைத்து, ஆண்களுக்குச் சமமான சம்பளம் கேட்டுப் போராடினார்.

2010-இல் கள்ளிக்கோட்டைப் பல்கலைக்கழகம் கேப்டன் லட்சுமிக்குக் கௌரவ டாக்டர் பட்டம் வழங்கியது. நல்லது. தலைவிக்குக் கிடைத்தது, வரிசையில் நின்றவளுக்கு?

அமெரிக்காவில் 1944-இல் சட்டமே போட்டார்கள். போரிலிருந்து திரும்பிய சுமார் 22 லட்சம் பேர் அரசாங்க உதவியில் கல்லூரிக்குப் போனார்கள். நம் பெண்களுக்கு அப்படி ஒரு சட்டம் இல்லை. அணிவகுப்பில் நின்றவர்களில் பலர் மறுபடியும் பெரட்டில் நின்றார்கள். பட்டமளிப்பு மேடை அவர்களுக்கு எட்டாமலே போயிற்று.

பெற்றோர்களே, 'ஆறாம் வகுப்பு முடிஞ்சிருச்சு, போதும்' என்று பிள்ளையை நிறுத்தாதீர்கள்.

செல்வங்களே, 'நம்ம குடும்பத்துல யாராச்சும் அந்தப் படையில இருந்தாங்களா?' என்று இன்று பாட்டியைக் கேளுங்கள். பெயர் கிடைத்தால் எழுதி வாருங்கள். பள்ளியில் எல்லோரும் கேட்க வாசிப்போம். அவர்களுக்குக் கிடைக்காத பட்டத்தை நீங்கள் வாங்க வேண்டும்.